மூன்றால் வகுபடுகிற எண்கள்

1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொழும்பில் இந்தியச் சிறுவர்கள் படித்துவந்த பெம்புரோக் கல்லூரி என்ற பாடசாலைக் கட்டடத்துக்குள் பிரித்தானியக் கடற்படையின் ஒரு சிறு பிரிவு வந்து குடியேறியது. யப்பானியப் படைகள் மலாயாவைக் கடந்து சிங்கப்பூரை நெருங்க, அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய வேலை சண்டை பிடிப்பதல்ல. வானலையில் வருகிற யப்பானியக் கடற்படையின் இரகசியச் செய்திகளைக் கேட்டு எழுதி, அவற்றின் பூட்டை உடைப்பதுதான் வேலை.

மார்ச் மாதக் கடைசியில் அவர்கள் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். ஏப்ரல் முதலாம் திகதியளவில் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்கப்போகின்றன. அட்மிரல் சொமர்வில் தன்னுடைய கப்பல்களைக் கடலுக்குக் கொண்டுபோய்க் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. எரிபொருளும் தண்ணீரும் எடுக்க மாலைதீவின் அட்டுத் தீவுக்குத் திரும்பினார். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. 9 ஆம் திகதி திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்ற கப்பல் இன்றைக்கும் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது. தாக்குதல் வரும் எண்டது சரி, நாள்தான் பிழைத்துவிட்டது. ஆனாலும் அந்த எச்சரிக்கையால் துறைமுகங்களில் நின்ற கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தன.

ஒரு பேரரசின் கடற்படை பூட்டி அனுப்பிய செய்தியைக் கொஞ்சப் பேர் கடதாசியும் பென்சிலும் வைத்து எப்படிப் பிரித்தெடுத்தார்கள்? விடையின் ஒரு பகுதி நாங்கள் சின்ன வகுப்பில் படித்த கணக்கு. ஒரு எண் மூன்றால் மீதியின்றி வகுபடுமா, வகுபடாதா?

பிழை பிடிக்க வைத்த வசதி

பின்னாளில் ஜே.என். 25 என்று அழைக்கப்பட்ட அந்த முறை இப்படி வேலை செய்தது. ஒரு புத்தகத்தில் சொற்களும் அவற்றுக்கான ஐந்து இலக்க எண்களும் இருக்கும். “கப்பல்” என்பதற்கு 25431 என்று வைத்துக்கொள்வோம். (இது நாங்கள் போட்ட உதாரணம்.) இன்னொரு புத்தகம் முழுக்க எழுமாறான ஐந்து இலக்க எண்கள். அதில் ஓரிடத்தில் இருந்து தொடங்கி, செய்தியின் ஒவ்வொரு எண்ணோடும் ஒவ்வொரு எழுமாறு எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டும்போது மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 25431 உடன் 48067 ஐக் கூட்டினால் 63498 வரும். ஐந்தும் எட்டும் பதின்மூன்று, அதில் மூன்றை மட்டும் எழுதி ஒன்றை விட்டுவிடுகிறோம். மணிக்கூட்டில் பத்து மணிக்குப் பிறகு ஐந்து மணித்தியாலம் போனால் மூன்று மணி எண்டுறமே, அதே கணக்குத்தான். இதற்கு மட்டு எண்கணிதம் என்று பெயர்.

இதில் யப்பானியர்கள் ஒரு வசதி செய்து வைத்தார்கள். வானொலியில் இரைச்சல் இருக்கும், ஒரு இலக்கம் மாறிக் கேட்கும். அதனால் முதலாவது புத்தகத்தில் இருந்த ஐந்து இலக்க எண்கள் எல்லாம் மூன்றால் வகுபடுகிறமாதிரித் தெரிவு செய்யப்பட்டன. 2, 5, 4, 3, 1 ஐக் கூட்டினால் 15. சரி. செய்தியைப் பெறுகிறவர் எழுமாறு எண்ணைக் கழித்த பிறகு வருகிற எண் மூன்றால் வகுபடாவிட்டால் எங்கோ பிழை. நல்ல யோசனை. இன்றைக்கு நாங்கள் கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துப் பிழை பிடிப்பதும் இதே யோசனைதான்.

பூட்டை உடைக்க வந்தவருக்கும் அந்த வசதி கிடைத்தது என்பதுதான் பிரச்சினை. ஒரே எழுமாறு எண்ணைப் பயன்படுத்திய பத்துச் செய்திகள் கையில் இருக்கு எண்டு வைப்பம். அந்த எண் எதுவென்று ஊகித்துப் பத்திலும் கழித்துப் பார்க்கிறார். ஊகம் சரி என்றால் பத்து விடைகளும் மூன்றால் வகுபடும். ஊகம் பிழை என்றால் ஒவ்வொன்றும் தற்செயலாக வகுபட ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு. பத்தும் தற்செயலாக வகுபடும் வாய்ப்பு 59,049 இல் ஒன்று. அர்த்தம் தெரியாமலே, யப்பானிய மொழியில் ஒரு சொல் விளங்காமலே, தன் ஊகம் சரியா பிழையா என்று அவரால் சோதிக்க முடியும். இந்த முறையின் கட்டமைப்பை 1939 இலேயே இங்கிலாந்தில் ஜோன் டில்ற்மன் பிரித்துக் காட்டிவிட்டார். கொழும்பில் இருந்தவர்கள் அந்த வேலையின் தொடர்ச்சியைச் செய்தார்கள்.

இதே கதை ஐரோப்பாவிலும் நடந்தது. ஜேர்மனியர்களின் எனிக்மா இயந்திரத்தில் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று எழுத்துத் திறப்பு ஒன்றை இயக்குநர் தெரிவு செய்வார். அது பிழையாகப் போய்ச் சேரக்கூடாதே என்று செய்தியின் தொடக்கத்தில் இரண்டு தரம் அடிக்கும்படி விதி இருந்தது. அப்படியென்றால் முதலாவது எழுத்தும் நாலாவது எழுத்தும் ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள், இரண்டாவதும் ஐந்தாவதும் அப்படி, மூன்றாவதும் ஆறாவதும் அப்படி. 1932 இல் போலந்தின் இளம் கணிதவியலாளர் மரியான் ரெயெவ்ஸ்கி, பிரெஞ்சுக்காரர் ஒரு உளவாளியிடம் வாங்கிக் கொடுத்த ஆவணங்களின் உதவியோடு, இந்த ஒரு உறவில் இருந்தே இயந்திரத்தின் உள்வயரிங்கைக் கணித்துவிட்டார். அதன் பிறகுதான் அலன் ரூரிங்கும் பிளெச்லி பார்க்கும் வருகின்றன. சினிமாவில் நாங்கள் பார்ப்பது இரண்டாவது பாதியை.

எங்களுக்கு ஏன் இந்தக் கதை

நாங்கள் மென்பொருள் எழுதிச் சீவிக்கிற ஆக்கள், அல்லது அதைப் படித்துக்கொண்டிருக்கிற ஆக்கள். ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றில் ஒரு மொழியும் ஒரு பிரேம்வேர்க்கும் படித்து வேலைக்குப் போகிறம். மறைகுறியாக்கம் என்று வரும்போது எங்கேயோ இருந்து நாலு வரியைக் கொண்டுவந்து ஒட்டுகிறம், ஓடுது, அடுத்த வேலை. “கிரிப்டோ” எண்டாலே இப்ப நாணயம் வாங்கி விற்கிறது எண்டுதான் எங்கட பொடியளுக்குத் தெரியும்.

இந்தத் துறையில் ஒரு பொன்மொழி உண்டு. சொந்தமாக மறைகுறி முறை எதையும் உருவாக்காதே, சோதிக்கப்பட்டதை எடுத்துப் பயன்படுத்து. சரியான அறிவுரை. ஆனால் அதைப் பலர் “அப்ப உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு படிக்கத் தேவையில்லை” என்று விளங்கிக்கொள்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பூட்டு உடைந்த இடங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை பெரிய கணிதம் தோற்ற இடங்கள் இல்லை. மீதி, நிகழ்தகவு, பிற்று, பைற்று, நினைவகத்தின் எல்லை போன்ற அடிப்படைகளை ஒருவர் கவனிக்காமல் விட்ட இடங்கள். மறைகுறியியலைப் படிக்கிறது எண்டால் அடிப்படைகளைத் திரும்பப் படிக்கிறது எண்டுதான் நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

ஒளித்து வைக்க வேண்டியது எது?

இந்த வரலாறு பழையது. யூலியஸ் சீசர் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக மூன்று எழுத்துத் தள்ளி எழுதினார். 9 ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல் கிந்தி, எழுத்தை எழுத்தால் மாற்றுகிற எந்த முறையையும் உடைக்க ஒரு வழியை எழுதி வைத்தார். ஒரு மொழியில் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அருமையாக வரும். மாற்றி எழுதினாலும் அந்த எண்ணிக்கை மாறாது. அதிகம் வருகிற குறி எதுவென்று எண்ணினால் போதும். புள்ளிவிபரவியலின் மிகப் பழைய பயன்பாடுகளில் ஒன்று இது.

1883 இல், நெதர்லாந்தில் பிறந்து பாரிசில் மொழி கற்பித்துக்கொண்டிருந்த ஓகுஸ்த் கேர்க்கோஃப்ஸ் இராணுவ மறைகுறி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு விதி இன்றுவரை நிற்கிறது. முறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் பாதுகாப்புக் குலையக்கூடாது. இரகசியமாக இருக்க வேண்டியது திறப்பு மட்டும். கடையில் விற்கிற ஆமைப்பூட்டை யாரும் கழற்றிப் பார்க்கலாம், அதனால் உங்கள் வீட்டுப் பூட்டுத் திறக்காது. “எங்கட முறை ஒருவருக்கும் தெரியாது, அதனால பாதுகாப்பு” என்று ஒரு நிறுவனம் சொன்னால் அங்கே சந்தேகம் வர வேண்டும். 2000 இல் அமெரிக்கா தன் புதிய மறைகுறி நியமத்தைத் தேர்ந்தெடுத்தபோது பகிரங்கப் போட்டி வைத்தது. 15 முறைகள் போட்டியிட்டன, உலகமே அவற்றை உடைக்க முயன்று பார்த்தது. வென்றது பெல்ஜியத்தின் டாமனும் ரைமனும் செய்த முறை. இன்று உங்கள் கைபேசி பயன்படுத்துவது அதைத்தான்.

கணினி எழுத்தைக் காண்பதில்லை

அல் கிந்தியின் பாடத்தை எங்கள் மொழியில் சோதித்துப் பார்ப்போம். “கொழும்பு” என்பது எங்கள் கண்ணுக்கு நாலு எழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறிகள்: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. இணையம் முழுக்கப் பயன்படுகிற யூ.ரி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று. ஆக 24 பைற்று. அதோடு முடியவில்லை. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னுக்கு வருகிற கொம்பையும் பின்னுக்கு வருகிற காலையும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாவது முறையில் 27 பைற்று.

ஒருவர் தமிழில் கடவுச்சொல் வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினியின் விசைப்பலகை ஒரு விதமாக அனுப்புகிறது, கைபேசி மற்ற விதமாக அனுப்புகிறது. மறைகுறி முறைகளுக்கு எழுத்துத் தெரியாது, பைற்றுத்தான் தெரியும். ஒரே கடவுச்சொல் இரண்டு வேறு விடை தரும், அவர் உள்ளே போக முடியாது. இதைத் தவிர்க்க யூனிகோடில் சீராக்கல் என்ற படி இருக்கு. அதை முதலில் செய்ய வேண்டும் என்று மறைகுறி நூலகம் எங்களுக்குச் சொல்லித் தராது. எழுத்து எப்படிப் பைற்றாகிறது என்று படித்தவருக்குத்தான் அது தெரியும்.

இன்னொரு விசயம். அந்த மூன்று பைற்றில் முதலாவது எந்தத் தமிழ்க் குறிக்கும் 224 தான். இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டும்தான் உண்மையாக மாறுகிறது. இப்போது ஒருவர் தன்பாட்டில் ஒரு மறைகுறி செய்கிறார். ஒரு சின்னத் திறப்புச் சொல்லை எடுத்து, செய்தியின் பைற்றுகளோடு திரும்பத் திரும்ப விலக்கு அல்லது செய்கை செய்கிறார். துவிதத்தில் இரண்டு பிற்றும் ஒன்றென்றால் 0, வேறென்றால் 1, அதுதான் அந்தச் செய்கை. ஒரே எண்ணோடு இரண்டு தரம் செய்தால் பழைய எண் திரும்ப வரும். அதனால் மறைத்த செய்தி தமிழ் என்று தெரிந்த ஒருவர், மூன்றுக்கு ஒரு பைற்றை எடுத்து 224 உடன் அதே செய்கையைச் செய்தால் திறப்பின் பைற்று வெளியே வந்து விழும். இடைவெளி ஒரு பைற்று என்பதால் வரிசை கொஞ்சம் நகரும், அதையும் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. ஜே.என். 25 க்கு மூன்றால் வகுபடுகிற எண்கள் இருந்தமாதிரி எங்கட தமிழுக்கு 224 இருக்கு.

திறப்பு செய்தியளவு நீளமாக, முழுக்க எழுமாறாக, ஒரே ஒரு தரம் மட்டும் பயன்படுத்தப்பட்டால் இதே எளிய செய்கையை யாராலும் எப்போதும் உடைக்க முடியாது. 1949 இல் குளோட் ஷனன் இதைக் கணிதமாக நிறுவினார். “ஒரே ஒரு தரம்” என்ற நிபந்தனையை விட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கும் உதாரணம் இருக்கு. 1942 இல், யுத்த நெருக்கடியில், சோவியத் ஒன்றியத்தில் திறப்புத் தாள்கள் சில இரண்டு பிரதிகளாக அச்சாகின. அவற்றால் பூட்டிய செய்திகளை அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் இருந்து பிரித்தெடுத்தார்கள். வெனோனா என்ற அந்த வேலை 1980 வரை போனது. ஒரே திறப்பால் பூட்டிய இரண்டு செய்திகளைக் கழித்தால் திறப்பு வெட்டுப்பட்டுப் போகும், அவ்வளவுதான்.

பயனற்றதாக நினைத்த கணிதம்

1940 இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, ராமானுஜனை அங்கே அழைத்த அதே ஹார்டி, எண் கோட்பாட்டுக்கு யுத்தத்தில் பயன் எதையும் யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, நெடுங்காலத்துக்குக் கண்டுபிடிக்கப் போவதுமில்லை என்ற கருத்தில் எழுதினார். அது அவருக்கு ஒரு ஆறுதல். இரண்டு வருசத்தில் கொழும்பில் மீதிக் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் முப்பது வருசத்தில் முதன்மை எண்கள் உலகத்தின் பூட்டாக மாறின.

அதுவரை எந்த முறைக்கும் ஒரு பொதுப் பிரச்சினை இருந்தது. இரண்டு பேரும் முன்கூட்டியே சந்தித்து ஒரே திறப்பைப் பகிர வேண்டும். 1976 இல் டிஃபியும் ஹெல்மனும் இந்தத் தேவையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். நான் ஆயிரம் ஆமைப்பூட்டுகளைத் திறந்தபடி ஊரெல்லாம் கொடுத்து வைக்கலாம். யாரும் ஒரு பெட்டியில் கடிதத்தை வைத்து அதைப் பூட்டி அனுப்பலாம். பூட்ட யாராலும் முடியும், திறக்க என்னால் மட்டும்தான் முடியும். 1977 இல் ரிவெஸ்ற், ஷமீர், அடில்மன் மூவரும் இதை எண்களால் செய்து காட்டினார்கள்.

கடதாசி எடுத்துச் செய்து பாருங்கள். 3, 11 என்ற இரண்டு முதன்மை எண்களைப் பெருக்கினால் 33. பூட்டு: 3 ஆம் அடுக்கு. திறப்பு: 7 ஆம் அடுக்கு. அனுப்ப வேண்டிய எண் 4. நாலின் மூன்றாம் அடுக்கு 64, அதை 33 ஆல் வகுத்தால் மீதி 31. அனுப்புவது 31. பெறுகிறவர் 31 இன் ஏழாம் அடுக்கை எடுத்து 33 ஆல் வகுத்தால் மீதி திரும்பவும் 4. இந்த 7 எங்கே இருந்து வந்தது? 3 இலும் 11 இலும் ஒவ்வொன்றைக் குறைத்துப் பெருக்கினால் 20. மூவேழு இருபத்தொன்று, அதை 20 ஆல் வகுக்க மீதி 1. ஆக 33 ஐ 3, 11 என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு 7 தெரியும். 33 ஐப் பிரிக்கிறது லேசு. அறுநூறு இலக்க எண்ணைப் பிரிக்க இன்றைய கணினிகளால் முடியாது. கூட்டுக் கணிதம் படித்த எவருக்கும் விளங்குகிற கணக்கு இது. இதைக் கையால் ஒரு தரம் செய்த பிறகு நூலகத்தில் அந்தப் பெயரைக் காணும்போது அது மந்திரமாகத் தெரியாது.

இந்த வரலாற்றில் மறைந்து கிடந்த ஒரு பக்கமும் உண்டு. பிரித்தானிய உளவு நிறுவனத்துக்குள் ஜேம்ஸ் எலிஸ் 1970 இலேயே இந்த எண்ணத்துக்கு வந்துவிட்டார். 1973 இல் கிளிஃபர்ட் கொக்ஸ் இதே கணக்கைக் கண்டுபிடித்தார். இரகசியச் சட்டத்தால் வாய் திறக்க முடியவில்லை. 1997 டிசம்பரில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். எலிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பரில், இறந்துபோயிருந்தார்.

கணக்குச் சரி, நிரல் பிழை

இங்கிருந்து கதை எங்களைப் போன்ற ஆக்களின் கைக்கு வருகிறது. 1995 இல் நெட்ஸ்கேப் உலாவியின் மறைகுறியாக்கத்தை பெர்க்லி மாணவர்களான இயன் கோல்ட்பேர்க்கும் டேவிட் வாக்னரும் உடைத்தார்கள். கணிதத்தில் கை வைக்கவே இல்லை. திறப்பு எழுமாறாகப் பிறக்க வேண்டும். நெட்ஸ்கேப் அதை நேரத்தில் இருந்தும் இரண்டு செயன்முறை எண்களில் இருந்தும் உருவாக்கியது. நேரம் எல்லாருக்கும் தெரியும். மிச்சத்தை ஊகிக்கலாம்.

2006 இல் டெபியன் லினக்சில் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பராமரித்தவர்கள், பிழை தேடுகிற கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியதால் நிரலில் சிறிய மாற்றம் ஒன்றைச் செய்தார்கள். எச்சரிக்கை போய்விட்டது. அதோடு எழுமாற்றுத் தன்மையும் போய்விட்டது. மிஞ்சியது செயன்முறை எண் மட்டும், அதற்கு ஏறத்தாழ 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம் லூசியானோ பெய்யோ கண்டுபிடிக்கும்வரை, அந்த வகைக் கணினிகளில் உருவான திறப்புகளை யாரும் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கலாம். நிரல் ஓடியது, சோதனைகள் சித்தியடைந்தன, திறப்புகள் திறப்பு மாதிரியே தெரிந்தன. எழுமாறாக இல்லாத ஒன்று பார்வைக்கு எழுமாறு போலவே இருக்கும். இந்தத் துறையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

2010 இல் சொனியின் பிளேஸ்டேசன் 3 இன் கையொப்பத் திறப்பு வெளிவந்தது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிய எழுமாறு எண் வர வேண்டிய இடத்தில் ஒரே எண்ணையே பாவித்திருந்தார்கள். இரண்டு கையொப்பம் என்றால் இரண்டு சமன்பாடு, தெரியாக் கணியங்கள் இரண்டு. ஓ.எல். இல் நாங்கள் செய்கிற ஒருங்கமை சமன்பாடு.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட். இணைப்பு உயிரோடு இருக்கா என்று பார்க்க ஒரு கணினி மற்றதிடம் “இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, இது இத்தனை பைற்று” என்று கேட்கும். சொன்ன நீளமும் அனுப்பிய சொல்லின் நீளமும் ஒன்றா என்று ஓபன்எஸ்எஸ்எல் பார்க்கவில்லை. ஒரு சொல்லை அனுப்பி 64 கிலோபைற்று என்று பொய் சொன்னால், பக்கத்து நினைவகத்தில் கிடந்த கடவுச்சொல், திறப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு நிபந்தனை வரி இல்லாததால் உலகத்தின் பூட்டுகள் இரண்டு வருடம் திறந்து கிடந்தன.

பட்டியல்கள் பற்றி

எங்களில் பெரும்பாலானவர்கள் உலாவியோ விளையாட்டு இயந்திரமோ செய்யப்போவதில்லை. பாடசாலைக்கு ஒரு பதிவு முறை, மருந்தகத்துக்கு ஒரு செயலி, சங்கத்துக்கு ஒரு அங்கத்தவர் பட்டியல், இவைதான் எங்கள் வேலை. அங்கேயும் கடவுச்சொல் இருக்கு, அடையாள அட்டை எண் இருக்கு.

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது என்பது புதிய விசயமில்லை. 1979 இல் பெல் ஆய்வுகூடத்தின் ரொபேட் மொரிசும் கென் தொம்சனும் இதை எழுதிவிட்டார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 சுலபமாக ஊகிக்கக்கூடியவை. ஆகவே ஒருவழியாக மாற்றிச் சேமியுங்கள், ஒவ்வொன்றோடும் ஒரு எழுமாறு எண்ணைச் சேருங்கள், மாற்றுகிற வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள் என்றார்கள். அந்த எழுமாறு எண்ணுக்குத் துறையில் உப்பு என்று பெயர். முப்பது வருடம் கழித்து 2009 இல் ரொக்யூ என்ற நிறுவனத்திடம் இருந்து 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. எல்லாம் வெறும் எழுத்தில்.

அடையாள அட்டை எண்ணை எடுங்கள். “நாங்கள் அதை ஹாஷ் பண்ணித்தான் வைச்சிருக்கிறம்” என்று ஒருவர் சொல்வார். புதிய எண்ணில் 12 இலக்கம். முதல் நாலும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் 500 கூட்டப்படும். மிச்சம் ஐந்து இலக்கம். ஒருவருடைய பிறந்த வருடமும் பாலும் தெரிந்தால் 366 நாள், ஒரு இலட்சம் சாத்தியம், மொத்தம் 3 கோடி 66 இலட்சம். சாதாரண மடிக்கணினிக்கு அது நிமிடக் கணக்கு. 12 இலக்கம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் அதற்குள் ஒழுங்கு இருக்கு. ஒழுங்கு இருக்கிற இடத்தால்தான் எதிரி உள்ளே வருவான் என்பதை ஜே.என். 25 இல் பார்த்துவிட்டோம். உப்புச் சேர்த்தாலும் இங்கே போதாது, ஒவ்வொருவராக எடுத்துத் தேடலாம். வேறிடத்தில் பாதுகாக்கப்படுகிற இரகசியத் திறப்பு ஒன்று சேர வேண்டும். அதைவிட நல்லது, தேவையில்லாவிட்டால் அந்த எண்ணைக் கேட்காமலே விடுவது.

அடையாள அட்டை எங்கட அம்மா அப்பாமாருக்கு வெறும் அட்டையாக இருந்ததில்லை. சோதனைச் சாவடியில் அதை நீட்டிவிட்டு நின்ற நேரம் எவ்வளவு நீளம் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களை வைத்துக்கொண்டு தமிழருடைய வீடுகளையும் கடைகளையும் தேடிப் போனதைச் சாட்சிகள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை எழுதியவர் யாருக்கும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார். தேர்தல் வேலைக்காக எழுதினார். ஒரு பட்டியல் எதற்காக உருவானது என்பது, அது பிறகு யாருடைய கைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பதில்லை. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நிறைவேறியது. சட்டம் தேவைதான். ஆனால் அட்டவணையின் எந்த நிரலில் எது வெறும் எழுத்தாகக் கிடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வரியை எழுதுகிற பொடியனோ பிள்ளையோதான்.

எங்கே தொடங்குவது?

கணிதம் பயம் எண்டு ஒருவரும் பின்வாங்க வேண்டாம். மீதிக் கணக்கில் தொடங்குங்கள். துவித எண்களைக் கையால் எழுதி விலக்கு அல்லது செய்து பாருங்கள். சீசர் மறைகுறியை ஒரு நிரலாக எழுதி, பிறகு அதை உடைக்கிற நிரலையும் நீங்களே எழுதுங்கள். ஒரு தமிழ்ப் பந்தியைப் பைற்று பைற்றாக அச்சிட்டு அந்த 224 ஐக் கண்ணால் பாருங்கள். 33 ஐ வைத்துப் பூட்டித் திறவுங்கள். உங்கள் மொழியில் சாதாரண எழுமாறு எண்ணுக்கும் மறைகுறிக்கான எழுமாறு எண்ணுக்கும் வேறு வேறு கட்டளை இருக்கும், ஏன் என்று தேடுங்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு கொப்பியும் பழைய மடிக்கணினியும் போதும்.

இதில் எதையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பாவிக்கச் சொல்லவில்லை. அங்கே சோதிக்கப்பட்ட நூலகத்தைத்தான் பாவிக்க வேண்டும். ஆனால் அந்த நூலகத்துக்கு எதைக் கொடுக்கிறோம், அது எதை எதிர்பார்க்கிறது, எந்த வசதிக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்கத் தெரிந்தவராக இருப்போம். கூட இருந்து படிக்க இரண்டு பேர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் பூட்ட, மற்றவர் உடைக்க. இந்தக் கலை வளர்ந்தது அப்படித்தான்.